கரடிக்கு ஜிலேபி

தாராவி
4-3-2025

அன்புள்ள ஜெஸிக்கு,

பேனா பிடித்து எத்தனையோ வருஷமாகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. "போன் பண்ண வேண்டாம், எழுதட்டும்" என்று நீ சொன்னதாக உன் அண்ணன் ஞானசீலன் மச்சான் சொன்னார். கட்டிய பெண்டாட்டிக்குத் தபால் போடுகிறவன் இந்தச் சந்திலேயே நான் ஒருவன்தான். பரவாயில்லை.

நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. இங்கே மார்ச் பிறந்ததுமே தகரக் கூரை கொதிக்கிறது. பட்டறையில் தோல் பை தைத்து முடித்து வந்தால் பூட்டின வீடு. அடித்தது தப்புதான். ஆனால் நானும் மனுஷன்தானே? சூடு, பசி, முதலாளியின் ஏச்சு எல்லாம் சேர்ந்து அன்றைக்குக் கை நீண்டுவிட்டது. மறுநிமிஷமே அழாதே என்று தேற்றி ஜிலேபி வாங்கி வந்தேனே. ஏஞ்சலோவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. நாலு வயசுப் பிள்ளை அப்பாவைத் தேடாதா?

உன்
சாஜன்

அம்பர்நாத்
9-3-2025

ஏஞ்சலோவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதே தகரத்துக்குக் கீழேதான் நானும் வெந்தேன், நானும் பசித்திருந்தேன். நான் யாரை அடித்தேன்? ஏசிய முதலாளிக்கு முன்னால் உங்கள் கை நீளவில்லையே. வீட்டுக்கு வந்து என்னிடம்தான் நீண்டது.

அடித்ததற்காக நான் வந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். அதற்காக என்றால் இரண்டு வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். நீங்கள் கடைசியாக அடித்ததற்கு மறுநாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். ஏஞ்சலோ அவனுடைய கரடிப் பொம்மையைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, "ஏட்டி, எத்தன தடவ சொல்லுதேன்?" என்று அதன் கன்னத்தில் அறைந்தான். அப்படியே உங்கள் குரல். பிறகு அதை மடியில் போட்டுக்கொண்டு, "அழாத, ஜிலேபி வாங்கித் தாரேன்" என்று ஒரு பிஸ்கட்டை அதன் வாயில் வைத்தான். அடியையும் படித்துவிட்டான், அடித்த பிறகு வருகிற பாசத்தையும் படித்துவிட்டான். நாளைக்கு அவனும் ஒருத்தியைக் கட்டுவான். அந்தப் பெண்ணின் கன்னத்தை நினைத்துத்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

போனில் உங்கள் குரல் ஏறினால் பிள்ளை காதைப் பொத்துகிறான். அதனால்தான் எழுதச் சொன்னேன். தாளில் கத்த முடியாது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

ஜெஸி

தாராவி
18-3-2025

அன்புள்ள ஜெஸி,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் பிரித்தேன். அங்கே பிரித்திருக்கக் கூடாது. பக்கத்து மெஷினில் தைக்கிற பூலோகம் அண்ணாச்சி என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "கோவத்த உள்ள வச்சா பொண்டாட்டி மேலதாம்ல பாயும். இங்கயே தோலுல காட்டிட்டுப் போ" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. தினமும் வேலை முடிந்ததும் கழிவுத் தோலைக் கீழே போட்டு மரச் சுத்தியலால் அடித்தேன். முதலாளி முகத்தை நினைத்துக்கொண்டே அடித்தேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆத்திரம் இறங்கவில்லை, ஏறியது. நேற்று அடித்துவிட்டு வந்த அதே சூட்டில், வழியில் வைத்திருந்தாள் என்று முருகம்மாள் அக்காவின் குடத்தை எட்டி உதைத்துவிட்டேன். குடம் பிளந்துவிட்டது. வேறு வாங்கிக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறாள், இத்தனை வருஷமும் எல்லாம் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் என்னதான் செய்யட்டும், நீயே சொல்.

சாஜன்

அம்பர்நாத்
24-3-2025

ஏஞ்சலோவின் அப்பாவுக்கு,

அடிக்க அடிக்கக் கைதான் பழகும், ஆத்திரம் எங்கே தீரும்? தைத்துத் தைத்துத்தானே தையல் பழகினீர்கள். பூலோகம் அண்ணாச்சியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உங்கள் கை எழும்புவதற்கு முன்னால் தாடை இறுகும். அதைப் பார்த்துத்தான் நான் முடிந்தபோதெல்லாம் ஏஞ்சலோவைச் சந்துக்கு அனுப்புவேன். இத்தனை நாள் நான் மட்டும் கவனித்தேன், இனி நீங்களும் கவனியுங்கள்.

பிள்ளை தேடுகிறான், அது நிஜம். ஏப்ரல் முதல் ஞாயிறு வாருங்கள், சாயங்காலம் வரை இருக்கலாம். அண்ணனும் வீட்டில் இருப்பார். ஜிலேபி மட்டும் கொண்டு வராதீர்கள். அந்த வாசனை வந்தாலே எனக்குக் கன்னம் எரிகிறது.

ஜெஸி

தாராவி
7-4-2025

அன்புள்ள ஜெஸி,

நேற்று நீ அண்ணியோடு கடைக்குப் போயிருந்தபோது ஏஞ்சலோ என் புதுச் சட்டையில் டீயைக் கொட்டிவிட்டான். தாடை இறுகியது. நீ சொல்லியிருந்ததால் எனக்கே தெரிந்தது. வேண்டுமென்றே கொட்டினான் என்று மனசு சொன்னது. என் மனசு எப்போதும் அதைத்தான் சொல்லும். ரயிலில் ஒருவன் இடித்தால் வேண்டுமென்றே இடித்தான், குழம்பில் உப்புக் கூடினால் நீ வேண்டுமென்றே போட்டாய். கப் அவன் கைக்குப் பெரியது, அவ்வளவுதான்.

எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவன் பின்னாலேயே வந்து, "என்னப்பா பண்ணுத?" என்றான். "கை அடங்கட்டும் மக்கா" என்றேன். அவனும் ஒட்டி உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. என் கை அடங்கும் என்பது எனக்கே தெரியாது ஜெஸி.

கிளம்பும்போது டாட்டா காட்டினான். சயான் ஸ்டேஷனில் இறங்கும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சாஜன்

அம்பர்நாத்
15-4-2025

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று ஏஞ்சலோ காலி டப்பாக்களை அடுக்கி வீடு கட்டினான். கரடியை மேலே உட்கார வைத்ததும் எல்லாம் சரிந்துவிட்டது. முகம் சிவந்து கரடிமேல் கையை ஓங்கினான். நான் அடுப்படியில் மூச்சுவிடாமல் நின்றேன். ஓங்கிய கையை இறக்கினான். வாசலில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தான்.

"கரடிக்கு ஜிலேபி குடுக்கலியா மக்கா?" என்று கேட்டேன்.

"நான்தான் அடிக்கலியே. பொறவு எதுக்கும்மா ஜிலேபி?" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது அத்தான்.

தாராவிக்கு எப்போது வருவேன் என்று இப்போது கேட்காதீர்கள். ஒரு ஞாயிறு அடங்கிய கை எல்லா நாளும் அடங்க வேண்டும். என் பயமும் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் ஈஸ்டருக்கு வாருங்கள், ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டே போகலாம். அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

வரும்போது அரைக் கிலோ ஜிலேபி வாங்கி வாருங்கள். யாரும் அடிபடாத நாளில் அது எப்படி இருக்கும் என்று பிள்ளை தின்று பார்க்கட்டும். நானும் பார்க்கிறேன்.

உங்கள்
ஜெஸி