தொட்ட காய்

ஜூன் 9

வாண்டின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது என்று நீதான் சொன்னாய். ஆகவே எழுதுகிறேன். படித்துவிட்டு நிதானமாகத் திட்டலாம்.

இருவரும் நலமா? எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கல்லூரியில் என்னிடம் படித்தவனே எனக்குத் துறைத்தலைவராக வந்துவிட்டான். இந்த வாடகை அறையில் குழாய் ஒழுகுகிறது. மற்றபடி சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு வாண்டு என்னோடு சதுரங்கம் ஆடும்போது குதிரையைத் தொட்டாள், கையை எடுத்தாள், மந்திரியை நகர்த்தப் போனாள். நான் முறைத்தேன். "ஸ்கூல் கோச் பரவாயில்லம்பாருப்பா" என்றாள், குரலே இல்லாமல். பலகையை மூடிவிட்டேன். நம் வீட்டு விதி அதுதான்: தொட்டால் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஒன்பது வயதுக்கு அது புரியாத விஷயமல்ல.

யார் அந்தக் கோச் என்று விசாரித்தேன். இடது கைப் பழக்கம், பேசுவதற்கு முன் ஒரு கனைப்பு. அவனேதான். கல்லூரி இறுதிப் போட்டியில் என் விரல் நுனி ராணிமேல் பட்டதற்காக நடுவரைக் கூப்பிட்ட மகானுபாவன். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். ராணியை நகர்த்தித் தோற்றேன். கோப்பை அவன் வீட்டில் தூசி வாங்கிக்கொண்டிருக்கும். இன்று என் மகளிடம் பரவாயில்லை என்கிறானாம். எனக்கு மட்டும் ஏன் பரவாயில்லை என்று விடவில்லை என்று கேட்டுச் சொல்.

பள்ளி வகுப்பை நிறுத்திவிடு. ஒரு பிள்ளைக்கு இரண்டு வாத்தியார் ஆகாது.

இன்னமும் அவளுடைய அப்பா


ஜூன் 14

வாண்டின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கோப்பையைப் பற்றி நான் யாரிடமும் போய்க் கேட்கப்போவதில்லை. குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிப் போடுங்கள்.

வகுப்பை நிறுத்தவில்லை. அந்தக் கோச்சே என்னைக் கூப்பிட்டனுப்பினார். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். மற்ற பிள்ளைகள் காயை உருட்டி, வைத்ததைத் திரும்ப எடுத்து, ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்க, நம் பெண் மட்டும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவசரத்தில் கை நீளாமலிருக்க நீங்கள் சொல்லிக்கொடுத்த உபாயம் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. வராந்தாவுக்கு அழைத்துப்போய் மெதுவாகக் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க மேடம். வீட்ல யாராவது கையில அடிக்கிறாங்களா?"

இல்லை என்றேன். பஸ்ஸில் வரும்போது, நான் சொன்னது பொய்யா உண்மையா என்று எனக்கே விளங்கவில்லை.

பழத்தட்டில் தொட்ட துண்டையே தின்ன வேண்டும், தொட்ட புத்தகத்தையே படித்து முடிக்க வேண்டும் என்று நீங்கள் விளையாட்டாக ஆரம்பித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். நீங்கள் வீட்டைவிட்டுப் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. காலையில் துணி அலமாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "என்னடி பண்ற?" என்றால், "எதைத் தொடலாம்னு பாக்குறேன்மா" என்கிறாள். நேற்று அழுகிய திராட்சை ஒன்றில் விரல் பட்டுவிட்டது. நான் தடுப்பதற்குள் கண்ணில் நீர் வழிய விழுங்கிவிட்டாள்.

நீங்கள் கோபத்தில் பெட்டியைத் தூக்கிய அன்று கதவோரம் அவள் நின்றிருந்தாள். அன்றிலிருந்துதான் இது முற்றிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு இல்லையா?

வாண்டின் அம்மா


ஜூன் 17

வாண்டின் அம்மாவுக்கு,

அடிக்கிறார்களா என்று கேட்க அவனுக்கு என்ன தைரியம்? நான் அவள்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அதை நீ அவனிடம் அழுத்திச் சொல்லவில்லை. சொல்ல மாட்டாய். என்மேல் பழி விழும்போதெல்லாம் உனக்குப் பேச்சு நின்றுவிடும்.

யோசித்துச் செய்யும் பிள்ளையைப் பார்த்து ஒரு தாய் பயப்படுவதை இப்போதுதான் பார்க்கிறேன். யோசிக்காமல் செய்கிறவர்களோடு இத்தனை வருடம் கல்லூரியில் இருக்கிறேன். எனக்கு அவர்களைப் பார்த்தால்தான் பயம்.

இந்த ஞாயிறு அவள் கிளம்பும்போது, செருப்பை மாட்டாமல் வாசலில் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "என்னம்மா?" என்றேன். "வலது காலா இடது காலாப்பா?" என்றாள். ஏதோ ஒன்று என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

இதை எதற்கு உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. பேனாவால் எழுதியாயிற்று, இருக்கட்டும்.

அவளுடைய அப்பா


ஜூன் 24

வாண்டின் அப்பாவுக்கு,

அவள் நன்றாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

நேற்று பள்ளி விட்டு, எதிர்ப்பக்கம் நின்ற என்னைப் பார்த்து வாசலிலிருந்து சாலையில் ஒரு கால் வைத்தாள். திருப்பத்தில் தண்ணீர் லாரி வந்தது. வாட்ச்மேன், "பின்னால போ பாப்பா, பின்னால போ" என்று கத்தினார். நானும் கத்தினேன். அவள் லாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வைத்த காலைப் பார்த்தாள். பின்னால் போகவில்லை. அடுத்த காலையும் முன்னால் எடுத்து வைத்தாள்.

அவளைப் புத்தகப் பையோடு சேர்த்துப் பின்னால் இழுத்தது உங்கள் கோப்பைக்காரர். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். லாரி நிற்கவேயில்லை.

"ஏன்டி பின்னால போகல?" என்று உலுக்கிவிட்டேன். அழக்கூட இல்லை. "காலை வெச்சுட்டேனேம்மா. வெச்சா போய்த்தானே ஆகணும்?"

திரும்பி வரலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். கோச்சும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்பா சொன்னாரா?" என்கிறாள்.

எங்கள் வார்த்தை அவளிடம் செல்லவில்லை. அடுப்புப் பக்கம் போனால் பின்னாலேயே ஓடுகிறேன். மாடிப்படி, மின்சாரப் பலகை, ஜன்னல், எதன் பக்கமும் அவளைத் தனியாக விடுவதில்லை. நீங்கள் சொல்ல வேண்டும். அவரிடம் தோற்றதாக நினைத்துக்கொண்டாலும் சரி, சொல்ல வேண்டும்.

வாண்டின் அம்மா


ஜூன் 26

வாண்டின் அம்மாவுக்கு,

காலையில் அந்தத் திருப்பத்துக்குப் போய் நின்றேன். வேகத்தடை இல்லை, பலகை இல்லை. நகராட்சிக்குப் புகார் எழுதினேன். எழுதி முடித்து, அதே இடத்தில் சாலையில் ஒரு கால் வைத்துப் பார்த்தேன். ஹாரன் சத்தத்துக்கு என் கால் தானாகப் பின்னால் வந்துவிட்டது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் அவளுக்கு அது எப்படி வராமல் போயிற்று? வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன், சாக்பீஸைத் தொட முடியவில்லை. பையன்கள் சிரித்தார்கள்.

வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நான் செய்வதைப் பார்த்து வளர்ந்த பெண், பார்த்தால்தான் நம்புவாள். ஞாயிறு அழைத்து வா. நீயும் உட்கார். நான் ஒரு காயைத் தொட்டு, நகர்த்தி, திரும்ப எடுத்து வைக்கிறேன். அவள் பார்க்கட்டும்.

கோச்சைக் கூப்பிடாதே. அவன் பையைப் பிடித்து இழுத்ததற்கு நான் தனியாக ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

வாஷர் போட்டுவிட்டேன்.

அவளுடைய அப்பா


ஜூலை 2

வாண்டின் அப்பாவுக்கு,

ஞாயிறன்று உங்கள் அறையில் வைத்துப் பேச வேண்டாம் என்று அவளை அழைத்து வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் ராணியைத் தொட்டீர்கள், நகர்த்தினீர்கள், "ஐயோ, தப்பு. இது வேணாம்" என்று திரும்ப எடுத்து வைத்தீர்கள். அவள் வெகுநேரம் ராணியையே பார்த்தாள். பிறகு, "தொட்டீங்கல்லப்பா" என்று மட்டும் சொல்லி, உங்களைப் போலவே, காய்களைச் சத்தமில்லாமல் அடுக்கிப் பலகையை மூடினாள். நீங்கள் சிரிக்கப் பார்த்தீர்கள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. வழியில் சொன்னாள்: "அப்பா ராணியைத் திருப்பி வெச்சாரும்மா. நிஜமாவே வெச்சாரு. ஒண்ணுமே ஆகல."

"ஆமாடி."

"அப்ப அன்னிக்குப் பெட்டியையும் திருப்பி வெச்சிருக்கலாமா?"

வைத்திருக்கலாம் என்றேன்.

"அது அப்பாவுக்குத் தெரியாதா?"

இந்தக் கேள்வி உங்களுக்கானது. நீங்கள் வந்து சொல்லுங்கள். ஞாயிறு அவளை அங்கே அனுப்ப மாட்டேன், எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் இங்கே வாருங்கள், பலகை இல்லாமல். வேறு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

தெருமுனையில் கடக்கும்போது அவள் கையை நான் வேண்டுமென்றே விட்டேன். என் உயிர் என்னிடம் இல்லை. ஒரு கால் வைத்தாள். சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு வந்தது. காலைப் பின்னால் எடுத்தாள்.

எடுத்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

வாண்டின் அம்மா