பேட்டரிக்கு வைத்த பொட்டு

16-8-66, செவ்வாய், அமாவாசை

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற அமாவாசை ஸ்பெஷல் பஸ் கிளம்பாமல் நிற்கிறது என்று பட்டறையிலிருந்து என்னைக் கூட்டிப்போனார்கள். பழைய பெட்ரோல் வண்டி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறி அணைந்தது. சார்ஜும் ஏறவில்லை. டைனமோ, பெல்ட் இரண்டும் நன்றாகவே இருந்தன. கடைசியில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அமாவாசை தோறும் பஸ் முதலாளி தன் கையால் வைத்த சந்தனமும் குங்குமமும் கம்பி மாட்டும் டெர்மினலில் கல்லாக இறுகிக் கிடந்தன. கரண்ட் எப்படிப் போகும்?

யோசிக்காமல் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிவிட்டேன். சிவப்புத் தூள் காலடியில் கொட்டியபோதுதான் பஸ்ஸைச் சுற்றி நின்ற கூட்டம் என் பக்கம் திரும்பியது.

"சாமி பொட்ட சொரண்டுறான் பாரு! ஏசுவ கும்புடுற வேதக்காரன் தான அவன்?" என்றாள் பஸ்ஸில் இருந்த ஒரு அம்மாள்.

முதலாளி என்னையே பார்த்தபடி வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். டிரைவரிடம், "ஸ்டார்ட் பண்ணு" என்றார். வண்டி உதறாமல் ஓடியது. மீட்டர் முள் சார்ஜ் பக்கம் ஏறியது.

முதலாளி கையில் சந்தனக் கிண்ணம். "இனிமே இங்க வெக்கக் கூடாதா, சின்னப்பா?"

"கூடாதுங்க, மொதலாளி."

"அப்ப இன்னா பண்றது? கையில எடுத்துட்டனே" என்றவர், அதை என் நெற்றியில் வைத்துவிட்டார்.

பஸ் போய்விட்டது. வீட்டில் என் மனைவி மேரி விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். விளக்கை வைத்துவிட்டு, செபத்துக்குப் பாய் விரித்தாள். செபத்துக்கு முன் கழுவிவிடலாம் என்றுதான் இருந்தேன். செபம் முடிந்துவிட்டது. பொட்டு இன்னும் இருக்கிறது.