தார் பூசாத வத்தை

மாப்ளே,

இன்று காலை உன் மகன் வந்தான். உன் காரியத்துக்காகத் துபாயிலிருந்து வந்தவன், திரும்பிப் போகுமுன் ஒரு பழைய எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "பரண்ல இருந்துச்சு மாமா. வத்தைக்குன்னு உங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டுத்தான் அப்பா போனாங்க." மூடியை நெம்பியதும் புன்னை எண்ணெயில் குங்கிலியம் கரைந்த வாசனை எழுந்தது. நல்ல வாசனைதான். நான் மூடியைத் திரும்ப அழுத்திவிட்டேன்.

அதிராம்பட்டினத்தில் நான் அந்த வத்தையை, பாய்மரப் படகை, வாங்கியபோது உடம்பெல்லாம் சிப்பியும் பாசியும் மீனெண்ணெய்ப் பிசுக்குமாகக் கிடந்தது. "இதுக்கு நாலு வண்டி விறகு வாங்கியிருக்கலாம்" என்றாய். சொன்ன கையோடு வேட்டியை மடித்துக் கட்டிச் சுரண்ட இறங்கியவனும் நீதான். ஒரு கோடை முழுக்க இருவரும் தேய்த்தோம். கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாளால் இழைத்து, சூடாக்கிய எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரே பக்கமாக இழுத்தோம். ஒரு பூச்சு காய மூன்று நாள் ஆகும். நீ அவசரக்காரன். காயுமுன் அடுத்த பூச்சைப் போட்டு ஒரு பக்கம் முழுக்க வெளுத்துப்போக, மறுபடி முதலிலிருந்து சுரண்டினோம். ஏழாவது பூச்சில் தேக்கின் வரி எழுந்து வந்தது. பலகையில் முகம் பார்த்து நீ மீசையை முறுக்கினாய்.

அதன்பின் உப்பு ஏற்றிப் போய்வந்தால், ஆற்று நல்ல தண்ணீரில் அதைக் கழுவாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. உச்சி வெயிலில் நனைத்த சாக்கைப் போட்டு மூடுவேன். "உன் பொண்டாட்டிய இப்படிப் பாத்துக்கிட்டா அது ஏன் சண்டை போடுது" என்று கேலி செய்வாய். முத்துப்பேட்டைக் கழிமுகத்தில் எவ்வளவு தூரத்தில் வந்தாலும் என் வத்தை என்று ஊர் சொல்லிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அந்தத் தை மாதம் நினைவிருக்கும். புது ஆட்சியில் குத்தகையைப் பதிந்து தருகிறார்கள் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் கூட்டம். வயல் வரப்பில் செங்கொடி. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று நம் தெரு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூர் ஆளைக் கொண்டுவர முடியாதபடி ரோடு ஒவ்வொன்றிலும் காவல் போட்டிருந்தார்கள். தண்ணீர் வழியை யாரும் நினைக்கவில்லை.

நீ நினைத்தாய். "வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை மாப்ளே, அவளுக்கு உடம்பு முடியல, ரெண்டு நாள் வத்தையக் குடு" என்றாய். நானே பாயைச் சரிபார்த்துக் கொடுத்தேன். உன் மனைவிக்காக ஒரு மெழுகுவர்த்தியும் வாங்கித் தந்தேனே, அதை என்ன செய்தாய்?

மூன்றாம் நாள் காலை, வடிகால் ஆற்று முகத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். அத்தனை தூரத்தில் ஓட்டுகிற ஆளின் முகம் தெரியவில்லை. வெயில் பட்டு மின்னிய பலகை தெரிந்தது. அதிலிருந்து முப்பது வெளியாட்கள் அரிவாளோடு பண்ணையார் வயலில் இறங்கினார்கள்.

நடவுப் பெண்களுக்குத் தலைவியாக இருந்த அஞ்சலை மறுநாள் கரைக்கு வந்தாள். என்னைத் திட்டவில்லை. பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள். "எங்க வயித்துல அடிச்சாதான் இதுக்கு இவ்ளோ மினுக்கு வருமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நேரே உன் வீட்டுக்கு வந்தேன். நீ மறைக்கவில்லை. "பண்ணையார் மூணு மா நிலத்தை என் பேர்ல குத்தகை பதிஞ்சு தர்றேன்னாரு. இப்ப சொன்னா எல்லாம் போயிரும். நாலு நாள் பொறு, பதிவு ஆனதும் நானே தெருவுல நின்னு சொல்லிடறேன்" என்றாய். பொறுத்தேன். வாக்கு கொடுத்தேன், என்னைப்போல் மடையன் உண்டா. உனக்குப் பதிவு ஆனது. அப்புறம் மகன் பிறந்தான், அப்புறம் அறுவடை, அப்புறம் இன்னொன்று. நானே வாய் திறந்தபோது ஊர் சிரித்தது. இத்தனை நாள் கழித்து வந்து சொல்றியே என்றார்கள்.

வத்தையைத் தண்ணீரில் தள்ள இருபது கை வேண்டும். கூப்பிடாமலே வந்த கைகள் அவை. அதன்பின் ஒருவரும் வரவில்லை. இரண்டு வருஷம் அது மணலிலேயே கிடந்தது. நான் உப்பளத்தில் கூலிக்குப் போனேன்.

அப்போதுதான் நீ அந்த யோசனையைச் சொன்னாய். "மத்த வத்தைங்க மாதிரி தாரைப் பூசிடு மாப்ளே. பத்தோட பதினொண்ணா ஆயிரும். ஜனங்க மறந்துருவாங்க." உன்னோடு கடைசியாக நான் பேசியது அன்றுதான். திருடியவன் அல்லவா திருட்டு மாட்டுக்குச் சாயம் பூசுவான்? நான் ஏன் பூச வேண்டும்? அன்றிலிருந்து வருஷம் இரண்டு தடவை சுரண்டி, இழைத்து, எண்ணெய் போடுகிறேன். கீற்றுக் கொட்டகைக்குள் நிற்கிறது. பாய் இல்லை, பாய்மரம் இற்றுவிட்டது. பலகையில் இன்னும் முகம் தெரியும்.

உன் மகன் போனதும் டின்னைக் கவிழ்த்து, எண்ணெயை வாளியில் ஊற்றி, அடிவரை கைவிட்டுப் பார்த்தேன். நடந்ததை நீ எழுதி வைத்த ஒரு துண்டுத் தாளாவது இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அதற்கு முன், புறப்படும்போது அவன் ஒன்று சொல்லியிருந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. அன்னைக்கு நீங்க வெளியாளை ஏத்திட்டு வந்ததை ஊரே பேசுச்சு. அப்பா மட்டும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேச விட்டதில்ல. அவன் என் கூட்டாளின்னுதான் சொல்லுவாங்க."

பெற்ற பிள்ளையிடமும் நான்தான் ஏற்றி வந்தேன் என்று சொல்லி வைத்திருக்கிறாய்.

உண்மை என் வாய்வரை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். உன் மூக்கு, உன் அவசரம், கண்ணில் உன்மேல் அவ்வளவு பெருமை. இன்னும் மூன்று நாளில் விமானம் ஏறப்போகிற பிள்ளை.

"ஆமாப்பா, விட்டுக்கொடுத்ததே இல்ல" என்றேன்.

நாளைக் காலை வெயில் ஏறுமுன் பலகையைத் தேய்க்க வேண்டும். எண்ணெய்க்கு நான் கடைக்குப் போய்க்கொள்கிறேன்.