நிலைக்கு அடியில் ஐந்து வெள்ளிக் காசு

மார்ச் 3, திங்கள்

காலையில் மழை, ஒன்பதுக்கு விட்டது. முட்டிவலி சுமார்.

ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். பரமேஸ்வரி அக்காவின் மனை (இனி ப.அ.). பழைய வீட்டை இடித்து அள்ளியாயிற்று, வெறும் மண். வெள்ளிக்கிழமை அஸ்திவாரம் தோண்டப் பேக்ஹோ இயந்திரம் வருகிறது. அதற்குள் நான் கண்டுபிடிக்க வேண்டியது: ப.அ.வுக்கு ஆறு வயதில் இந்த வீடு கட்டினார்கள், அப்போது அவர் அப்பா வாசல் நிலைக்கு அடியில் வைத்த ஐந்து வெள்ளிக் காசுகள். பழைய ஒரு டாலர் காசுகள். புது வீட்டு நிலைக்கு அடியிலும் அவையே போக வேண்டுமாம்.

இரண்டு வருடமாக மெட்டல் டிடெக்டரோடு கடற்கரையில் நடக்கிறேன். கிடைத்தவை: டின் மூடிகள், ஒரு சாவி, பாதிக் கத்தரிக்கோல். தேடித் தரச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒப்புக்கொண்டிருக்கக் கூடாதோ.

தேட அனுமதி என்று கடிதம் எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். "எழுபத்தி நாலு வயசாச்சி, இன்னும் பயம் போகல தம்பிக்கு." என்னைத் தம்பி என்று கூப்பிட இப்போது அவர் ஒருவர்தான்.

மனையை வரைந்தேன். முப்பத்தொரு வருடம் நில அளவை அலுவலகத்தில் பார்த்த வேலை. அளவுகள், எல்லைகள், வடக்குக்கு அம்புக்குறி.

"வாசல் எங்க இருந்திச்சி அக்கா?"

"ரோட்டப் பாத்துதான்."

ரோட்டுப் பக்கம் முளை அடித்து, கயிறு கட்டி, பன்னிரண்டு கட்டம்.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். தொப்பி மறந்தேன்.

கட்டம் 1 முதல் 7. ஆணிகள், தகரம், கதவுக் கீல், ஒரு கரண்டி. வெள்ளி என்றால் காதில் மெல்லிய உயர்ந்த ஓசை வரும். வந்ததெல்லாம் இரும்பின் உறுமல்.

ப.அ.வின் மகன் குமரன் வந்தான். "அங்கிள், லிட்டில் இந்தியாவுல நகைக்கடைக்குப் போய்ப் புதுசா அஞ்சு வாங்குனா முடிஞ்சிச்சிலா."

"உன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" ப.அ. குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்தது. ஏனென்று தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

8 முதல் 12. இல்லை. மறுபடி 1 முதல் 6. இல்லை. கருவியின் பேட்டரி மாற்றினேன், அதன்மேல் பழி போட முடியவில்லை.

ப.அ. ஐஸ் போட்ட செண்டோல் பானம் வாங்கிக் கொடுத்தார். "கிடைக்கலன்னா விடு தம்பி." முகம் அப்படிச் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

காலை, ரொட்டி சானாய் கடை. வரைபடத்தை விரித்தேன். என் கையால் போட்ட அம்புக்குறி. ரோடு தெற்கே. ப.அ.வின் அப்பா பஞ்சாங்கம் பார்க்காமல் முடிகூட வெட்டமாட்டாராம். அவர் தெற்கு வாசல் வைத்திருப்பாரா? மூன்று நாள் கண்ணுக்கு முன்னால். மடையன். ரொட்டி பாதியில்.

"அக்கா, மொதமொதல்ல கட்டுனப்ப வாசல் எந்தப் பக்கம்?"

யோசித்தார். "ஐயோ, கிழக்காலலா. ரோட்டப் பெருசாக்குனப்பதான் இந்தப் பக்கம் மாத்துனாங்க. நான் அப்ப ஸ்டாண்டர்ட் ஃபோர். நீ ஏன் மொதல்லயே கேக்கல?"

நியாயம்.

ப.அ. கோயிலுக்குப் போனார். கிழக்கில் நான்கு கட்டம். 11.40க்கு அந்த ஓசை. ஓரடி ஆழத்தில் சுண்ணாம்புக் காரைக் கட்டி. உடைத்தேன். காசுகள், கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி. ஒரு புறம் அரசர் தலை, மறுபுறம் சீன எழுத்தும், அரபு போன்ற ஜாவி எழுத்தும். 

நான்கு. ஐந்தாவது இல்லை.

வெளிச்சம் இருக்கும்வரை சல்லடை. கட்டியை உடைத்தபோது தெறித்திருக்கும். நான்தான் தொலைத்தேன். பழங்காசுக் கடையில் இதே மாதிரி ஒன்று வாங்கிச் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கடை வாசல்வரை போய்த் திரும்பினேன். நாளை சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

பேக்ஹோ எட்டுக்கே. ஓட்டுநருக்கு நோன்பு, வெயிலுக்குமுன் முடிக்க வேண்டுமாம். நான் கிழக்கு மூலையில் இன்னும் சல்லடையோடு.

"அங்கிள், நகருங்கலா. மெஷினுக்கு உங்களத் தெரியாது," என்றான் குமரன்.

ப.அ.விடம் காசுகளைக் கொடுத்தேன். "நாலுதான் அக்கா. ஒன்ன நான் தொலச்சிட்டேன்."

வாங்கி ஒவ்வொன்றாக எண்ணினார். குமரனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை. முடிச்சுக்குள் ஐந்தாவது காசு. தேய்ந்து, பளபளவென்று.

"காரை பூசறதுக்கு முன்னால நான்தான் எடுத்தேன். வெளாட்டுக்கு. அப்பா மூடிட்டாரு. திருப்பிப் போட முடியல, சொல்லவும் முடியல." காசைக் கைக்குட்டையால் துடைத்தபடி, "அந்த நாலும் இல்லாம இத மட்டும் எப்படிப்பா வைப்பேன்?"

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நேத்து சல்லடை பிடிச்சிருக்க மாட்டேன் அக்கா." எங்கிருந்து வந்ததோ இந்தத் தைரியம்.

"நீ மொதல்லயே கேக்கல," என்றார். சிரிப்பும் கண்ணீருமாக.

ஐந்தும் பிஸ்கட் டின்னில். நான்கு கறுப்பு, ஒன்று வெள்ளை. தேய்த்துக் கழுவ வேண்டாமாம்.

மத்தியானம் நல்ல தூக்கம். கயிறும் முளைகளும் அங்கேயே விட்டு வந்திருக்கிறேன்.

குமரனுக்குத் தெரியக் கூடாது, யாரிடமும் சொல்லாதே என்றார் ப.அ. இந்த நாட்குறிப்பில் எழுத மட்டும் அவரிடம் அனுமதிக் கடிதம் வாங்கவில்லை.