பூசானில் ஒரு கிண்ணம் ஹுவே சூப்

அன்புள்ள அம்மாவுக்கு ஹன் வணங்கி எழுதுவது.

உங்கள் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். இங்கே கொரியாவில், பூசானில் குளிர் குறைந்துவிட்டது.

போன ஞாயிறு என் பிறந்தநாளுக்காக, எங்கள் தையல் பிரிவு சூப்பர்வைசர் மியோங் எல்லோரையும் ஒரு வியட்நாம் சாப்பாட்டுக்கடைக்கு அழைத்துப்போனார். நம் ஊர் ஹுவேயின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப் சொன்னார். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, அதில் இறால் விழுது இல்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

கடைக்கார லோன் அக்கா அருகில் வந்து நம் மொழியில் கேட்டாள். "பொய் சொல்லாத. நீ ஹுவே பொண்ணுதானே?"

"ஆமாக்கா. இறால் விழுதைக் காணோமே."

"போட்டா நாத்தம்னு இவங்க எழுந்து ஓடிடுவாங்க. இரு, எனக்குன்னு வச்சிருக்கேன்."

ஒரு கரண்டி கரைத்து ஊற்றினாள். மியோங் மூக்கைப் பொத்திக்கொண்டார். குனிந்து குடிக்கத் தொடங்கிய நான் நிமிரவேயில்லை. கண்ணில் நீர் வந்ததற்கு மிளகாயைக் காரணம் சொன்னேன்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று மியோங் தன் ஸ்பூனை என் கிண்ணத்தில் விட்டார். பிறகு தன் கிண்ணத்தை நீட்டினார். "எனக்கும் அதையே ஊத்துங்கம்மா."

இனி ஞாயிறுதோறும் லோன் அக்கா வீட்டில் எல்லோரும் சேர்ந்து சமைக்கப்போகிறோம். இந்த வாரம் என் முறை. "உங்கம்மா எப்படிச் செய்வாங்க?" என்று அவள் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடம் சாப்பிட்டேனே தவிர, ஒருநாளும் உங்கள் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை.

எலுமிச்சைப்புல் எத்தனை தண்டு, எப்போது போடுவது? போனில் சொல்லுங்கள் அம்மா. அவசரமில்லை, மெதுவாகவே சொல்லுங்கள்.

ஷிப்டு மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
ஹன்