தாலி கட்டும் நேரத்தில் ஒரு முதுகு

8-2-99, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. வீட்டில் குழாய்த் தண்ணீர் வரவில்லை, தலைக்குக் குளிக்கவில்லை. மண்டி மொஹல்லா திருப்பத்தில் ஆட்டோவும் காய்கறி வண்டியும் நீயா நானா என்று நின்றதால், கடைசி இரண்டு தெரு நடை.

கொள்ளேகால்காரர்களின் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டும் வேலை இன்று ஆரம்பம். பெண் பெயர் சுமதி. முகூர்த்தக் கேசட்டை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எல்லாவற்றையும் ஏற்ற டிஸ்க்கில் இடமில்லை. முகூர்த்தத்தை முடித்து, டேப்பில் இறக்கி, அழித்துவிட்டுத்தான் ரிசப்ஷன்.

கற்றதை இங்கேயே எழுதி வைக்கிறேன். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். முதலாளி சந்துரு சாருக்குச் சொல்லித்தரப் பொறுமை கிடையாது.

– ஏற்றும்போது எதையும் தொடாதே. ஸ்கிரீன் சேவரை அணை. போன தடவை அது நடுவில் வந்து, ஓமம் வளர்க்கும்போது படம் குதித்தது.
– மேளச் சத்தத்தை அடியில் ஒரே நீளமாகப் போடு. அதை வெட்டாதே. மேலே படத்தை எத்தனை துண்டு போட்டாலும் சத்தம் தாங்கிக்கொள்ளும்.
– கை நகரும்போது வெட்டு. கை நின்ற பிறகு வெட்டினால் எல்லாருக்கும் தெரியும்.
– அவ்வப்போது புதுப் பெயரில் சேமி. பழையதன் மேலேயே சேமிக்காதே.

தாலி கட்டும் இடத்தில் தகராறு. பீட்டர் கேமராவோடு நல்ல இடத்தில்தான் நின்றிருக்கிறான். மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார், பெண்ணின் கழுத்துக்குக் கொண்டுபோகிறார், கெட்டி மேளம். அவ்வளவுதான். சந்தனக் கலர் பட்டுச் சட்டை போட்ட ஒரு முதுகு, திரை முழுக்க. அட்சதை போட முன்னால் வந்த மனிதர் அங்கேயே நின்றுவிட்டார். முதுகு விலகும்போது முடிச்செல்லாம் முடிந்து மாப்பிள்ளை வேர்வை துடைக்கிறார்.

பீட்டருக்குப் போன் போட்டேன். "தள்ளுங்க தள்ளுங்கன்னு கத்தினேன் ரேணு. அந்த மேளத்துல யாருக்குக் கேக்கும்?"

இப்படி ஓட்டை விழுந்தால் முகத்தால் அடைக்க வேண்டும். பார்க்கிறவர் ஒருவரின் முகத்தைப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் நடந்ததை அவர் பார்க்கிறார் என்று நாமே நினைத்துக்கொள்வோம். இரண்டாவது கேமராவின் கேசட்டில் தேடினேன். ஒருவர் கொட்டாவி. ஒருவர் குழந்தைக்கு மூக்குத் துடைக்கிறார். மத்தியானத்துக்கு மேல் கிடைத்தது: பின்னால், தூணை ஒட்டி, வெளிர்பச்சைச் சேலையில் ஒரு பெண்மணி. நடுவயது. மேளம் உயர்ந்ததும் இரண்டு கையையும் தூக்குகிறார், வாய் ஏதோ சொல்கிறது, கண் நிறைந்திருக்கிறது. மொத்தக் கல்யாணத்திலும் நல்ல முகம் இதுதான்.

ஒட்டிப் பார்த்தேன். மறுபடியும் போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் மசால் தோசை வாங்கிச் சாப்பிட்டேன்.

9-2-99, செவ்வாய்

– கூரைப்புடவைச் சிவப்பு டேப்பில் வழிகிறது. இறக்குவதற்கு முன் சிவப்பைக் கொஞ்சம் குறை. குங்குமத்தையும் பார்த்துக்கொள்.
– பெயர் எழுத்துகளை உள்ளே தள்ளிப் போடு. வீட்டு டிவி நாலு ஓரமும் தின்றுவிடும்.
– பூ விரிகிறது, இதயம் வெடிக்கிறது, பக்கம் புரள்கிறது: இதெல்லாம் முகூர்த்தத்தில் வேண்டாம். ச. சார் கேட்டால் ரிசப்ஷனில் போடுகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்.

பதினோரு மணிக்குப் பெண்ணின் சித்தப்பா பார்க்க வந்தார். மண்டியில் வெல்லம், புளி மொத்த வியாபாரம். பெண்ணுக்கு அப்பா இல்லை, இரண்டு வருஷமாகிறதாம். தாரை வார்த்துக் கொடுத்தது இவரும் இவர் மனைவியும்தான். நல்ல மனிதர். போட்டுக் காட்டும்போதே தாரை வார்க்கும் இடத்தில் துண்டால் கண்ணைத் துடைத்தார். உடம்பு வாகைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த முதுகு இவருடையது.

தாலி வந்தது. பச்சைச் சேலை முகம் வந்தது. "நிறுத்துங்க" என்றார்.

"இத யாருங்க அம்மணி இங்க போட்டது?"

"நான்தான் சார். நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கறதும் இல்லாததும் இருக்கட்டுங்க. அது எங்க அண்ணி. புள்ளையோட அம்மா. மூர்த்த நேரத்துல அவங்க மொகத்தப் போடலாமுங்களா? சம்பந்தி வீட்டுல எல்லாரும் உக்காந்து பாப்பாங்க."

முகம் ஃபோகஸில் இருக்கிறதா, வெளிச்சம் போதுமா என்று பார்த்தேனே தவிர, நெற்றியைப் பார்க்கவில்லை. பொட்டு இல்லை.

"நாங்க யாரும் ஒதுக்கலைங்க" என்றார், நான் கேட்காமலே. "அவங்களேதான் தூணுக்கிட்ட போய் நின்னுக்கிட்டாங்க. ஒரு வெளக்கு, சாமி படம், ஏதாச்சும் போட்டு விடுங்க."

அங்கே ஏன் முகம் தேவைப்பட்டது, யாருடைய முதுகால் தேவைப்பட்டது என்று நாக்கு நுனி வரை வந்தது. ச. சார் முந்திக்கொண்டு, "ஆகலி சார், ஆகட்டும்" என்று வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். பிறகு என்னிடம்: "பார்ட்டி ஹேளித ஹாகெ மாடம்மா. அவங்க சொன்னபடி செய். எதிர்வாய் பேடா, வேண்டாம்."

அப்பா போட்டோ ஒன்று அனுப்புவார்களாம். மாலையோடு கேசட்டின் ஆரம்பத்தில் வர வேண்டும். இறந்துபோனவருக்கு முதல் இடம். உயிரோடு இருப்பவருக்குத் தூண். எரிச்சல், நாள் முழுக்க. வீட்டில் என் அண்ணியிடம் காரணமில்லாமல் வள்ளென்று விழுந்தேன்.

10-2-99, புதன்

அந்த முகத்தை எடுத்துவிட்டேன்.

பதிலுக்கு முயன்றவை:
மாப்பிள்ளையின் அம்மா – கைக்கடிகாரம் பார்க்கிறார்.
நாதஸ்வரக்காரர் – கன்னம் மட்டும்.
சித்தப்பாவே – வெற்றிலை மெல்கிறார், அதுவும் சாப்பாட்டுப் பந்தியில்.
குத்துவிளக்கு – அசையாமல் எரிகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாது.

விளக்கைப் போட்டேன். மேளம் அடியில் அப்படியே ஓடுகிறது, ஒட்டு தெரியவில்லை. வேலை சுத்தம். பார்த்தால் காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.

கரண்ட் இரண்டு தடவை போயிற்று. யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: சேமி, அணை, டீ குடிக்கப் போ.

11-2-99, வியாழன்

தலைவலி. பல்பொடி வாங்க மறக்காதே.

போட்டோ கொண்டுவந்து கொடுத்தது அந்த அம்மாவேதான். அதே முகம், நேரில் இன்னும் ஒடிசல். ஹூட்டகள்ளி பக்கம் ஊதுவத்தி கம்பெனியில் வேலையாம், அரை நாள் லீவு. மடியில் மஞ்சள் பை, பைக்குள் துணியில் சுற்றின போட்டோ. ச. சார் பேங்க்குக்குப் போயிருந்தார்.

போட்டோவை ஸ்கேன் செய்யும் வரை பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "அம்மணி, தாலி கட்டறத ஒருக்கா பாக்கலாமுங்களா?"

"கேசட் சனிக்கிழமை வந்துடும்மா."

"எங்கூட்ல டிவி இருக்குது, டெக்கு இல்லைங்க."

"நீங்க அங்கதானே இருந்தீங்க?" கேட்ட பிறகுதான் என் வாய் எனக்கே பிடிக்கவில்லை.

"இருந்தனுங்க. முன்னால ஆளுக மறைச்சுக்கிட்டாங்க. தல தலயாத்தான் தெரிஞ்சுது. மேளம் ஏறுச்சு. சரி, கட்டிட்டாங்கன்னு கைய தூக்கிக் கும்பிட்டேன்."

அப்படியானால் திங்கட்கிழமை நான் ஒட்டியது பொய். அவர் பார்ப்பது போல வைத்தேன். அவர் பார்க்கவே இல்லை. சத்தத்தைக் கேட்டுத்தான் அழுதிருக்கிறார்.

வெட்டாத கேசட்டையே போட்டேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். தாலி தட்டிலிருந்து எழுகிறது. சுமதியின் குனிந்த தலை. மாப்பிள்ளையின் விரல்கள். கயிறு கழுத்தைத் தொடுகிறது. அதோடு நிறுத்தினேன். அடுத்த படத்தில் சட்டை வந்துவிடும்.

அந்த அம்மா எழுந்து வந்து மானிட்டர் மேல் விரலை வைத்தார், கயிறு இருந்த இடத்தில். இந்தக் கடையில் கண்ணாடியைத் தொட்டால் நான் சாமியாடுவேன் என்று எல்லாருக்கும் தெரியும். சும்மா இருந்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் மறைச்சிடுச்சும்மா." ஓட விட்டேன். சந்தனக் கலர் முதுகு.

பார்த்தார். சிரித்துவிட்டார், வாயைப் பொத்திக்கொண்டு. "கொழுந்தனாரு! அந்தச் சட்டத் துணி நாந்தான் அம்மணி எடுத்துக் குடுத்தேன்."

பழைய பெயரில் சேமித்தது இருந்தது. அதையும் காட்டினேன். தன் முகத்தைத் தானே பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

"இது வேண்டாமுங்க. நாளைக்குப் புள்ளைக்கு ஒரு தலவலி காச்சல்னாலும் என்னையத்தான் சொல்லுவாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும்மா. உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்னங்க." பையை மடித்துக்கொண்டே, "மொகம் நல்லாத்தான் விழுந்திருக்குது" என்றார்.

போன பிறகு ஒரு மணி நேரம் வேலை ஓடவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

12-2-99, வெள்ளி

– மெதுவாக்கும்போது பாதி வேகத்துக்குக் கீழே போகாதே. படம் நடுங்கும்.
– போட்டோவுக்குக் கம்ப்யூட்டர் மாலையைவிட, நிஜ மாலை போட்டுப் படம் பிடித்தது நன்றாக இருக்கிறது.

விளக்கு வைத்த முகூர்த்தத்தை இன்று டேப்பில் இறக்கி, டிஸ்க்கை அழிக்க வேண்டும். ச. சார் மூன்று தடவை கேட்டார். ரிசப்ஷன் காத்திருக்கிறது. வெட்டியதையெல்லாம் கம்ப்யூட்டர் கோர்க்கிற ரெண்டர் இன்னும் ஓடுகிறது, சிக்கல், நாளைக்கு, என்று என்னென்னவோ சொன்னேன். ரெண்டர் முடிந்து உட்கார்ந்திருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

நான் யார் இதில்? என் வீட்டுக் கல்யாணமா? அந்த அம்மாவே வேண்டாம் என்கிறார். வேண்டாம் என்றவர் இரண்டு தடவை ஏன் பார்த்தார்?

பல்பொடி வாங்கினேன்.

13-2-99, சனி

மேகமூட்டம், மழை இல்லை. காலையில் விளக்கைத்தான் டேப்பில் இறக்கினேன். டிஸ்க்கை மட்டும் அழிக்கவில்லை.

நாலு மணிக்குச் சித்தப்பாவும் சுமதியும் வந்தார்கள். பெண்ணை நேரில் இன்றுதான் பார்க்கிறேன். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. மறுவீடு வந்திருக்கிறாள், நாளை சாயங்காலம் புகுந்த வீடு கிளம்புகிறாளாம். அதற்கு முன் எல்லாரும் சித்தப்பா வீட்டில் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. ச. சார் காபி சொன்னார்.

ஓட விட்டேன். அப்பா போட்டோ வந்ததும் சுமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாலி. விளக்கு. அட்சதை.

"அழகா வந்திருக்குதுங்க" என்றார் சித்தப்பா.

சுமதி என்னைத்தான் கேட்டாள். "அக்கா, அம்மா இங்க வந்து தாலி கட்றத பாத்தாங்களாமே. கல்யாணத்துல பாக்கவே இல்லியாமே?"

"யாரு சொன்னது?" என்றார் சித்தப்பா. "தூணுக்கிட்டேர்ந்து நல்லாத் தெரியுமே. பாத்துக்கிட்டுத்தான இருந்தாங்க."

"இல்ல சித்தப்பா. யாரோ மறைச்சிட்டாங்களாம். யாருன்னு கேட்டா சிரிக்கறாங்க, சொல்லல. என்னயத் தலைய நிமிர்த்தவே விடல. அம்மா முன்னாடிதான் நிக்கறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன் நானு."

சித்தப்பா என்னிடம் திரும்பினார். "வெட்டாதது இருந்தா போடுங்க அம்மணி. யாருன்னு பாத்துரலாம்."

ச. சார் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். நான் மவுஸைத்தான் பார்த்தேன். போட்டேன்.

கயிறு கழுத்தைத் தொட்டது. கெட்டி மேளம். முதுகு வந்தது. ஒட்டும் வெட்டும் இல்லாமல் பார்த்தால் அது ரொம்ப நேரம். தையல் கூடத் தெரிகிறது.

முடிந்த பிறகும் சித்தப்பா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காபியில் ஆடை கட்டிவிட்டது.

"எனக்குப் பின்னாலயா அண்ணி நின்னாங்க?"

"நேர் பின்னாடி சார்."

"நான் திரும்பிப் பாக்கலைங்க" என்றார். அப்புறம், "செவ்வாக்கெழம போட்டிருந்தீங்களே, அது இருக்குதா, அழிச்சுட்டீங்களா?"

"இருக்கு."

"போடுங்க."

போட்டேன். சுமதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ச. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படியெல்லாம் துடைக்கிறவர் இல்லை.

"இதே இருக்கட்டுங்க" என்றார் சித்தப்பா. "எல்லாக் கேசட்லயும்."

"சம்பந்தி வீட்டுக்குப் போறதுலயுமா சார்?" என்றேன்.

"கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றாள் சுமதி. அவர் மறுக்கவில்லை.

முகூர்த்தக் கேசட் முதலில், ரிசப்ஷன் அடுத்த வாரம் என்று முடிவாயிற்று. மறுபடி டேப்பில் இறக்க வேண்டும். இருந்து வாங்கிப் போகிறோம் என்றார்கள். சித்தப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார், எங்கும் போகாமல். தெருவைப் பார்த்தபடி சுமதியிடம் சொன்னார்:

"நாளைக்கு எங்கூட்ல போடறப்ப அம்மாவ டிவிக்கு முன்னால உக்கார வெச்சுரு. வேண்டாம்பாங்க. நீ விடாத."

"நீங்க சித்தப்பா?"

"நான் பின்னால நின்னு பாத்துக்கறேன்."