ஆடாத சனிக்கிழமைகள்

மச்சான்,

குறொன்லாண்டில் உள்ள தமிழ்க் கடையில் வாங்கிய நோவெண்ணெய்ப் போத்தல் பைக்குள்ளேயே ஊற்றிவிட்டது. ஆட்டத்துக்கு முன் நீ முழங்காலில் தேய்க்கிற அதே எண்ணெய். வீட்டுக்குப் போக ட்வெய்ட்டாவில் இறங்கும்வரை ரயில் பெட்டி முழுக்க உன் மணம். பக்கத்திலிருந்த நோர்வேக்காரி எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். நீ கண்ணை மூடியபிறகு அதை நான் வாங்கியது இதுதான் முதல்.

அந்த நாளில் உன் அண்ணர் கனடாவிலிருந்து அனுப்பும் பேஸ்போல் வீடியோ கசெட்டுகளை என் வீட்டில்தான் போட்டுப் பார்ப்போம். உதைபந்தாட்டக்காரரான எங்களுக்கு அது பாதி விளங்காது. ஆனாலும் சண்டை பிடிப்போம். நல்ல வயதில் உலகப்போருக்குப் போய்ச் சில வருசங்களை இழந்த ஆட்டக்காரரைச் சிறந்தவர் வரிசையில் எந்த இடத்தில் வைப்பது?

"ஆடாத ஆட்டத்துக்குப் புள்ளி போடேலாது" என்பேன்.

"போடச் சொல்லேல்லை. ஆடின நேரம் எப்பிடி ஆடினவன் எண்டு பார். மிச்ச நேரம் ஏன் ஆடேல்லை எண்டும் கேள்" என்பாய். லேசில் விடமாட்டாய். தேத்தண்ணி ஆறிப்போகும்.

போன மாதம் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆண்டுவிழாவுக்காக, இதுவரை ஆடியவர்களில் சிறந்தவரைத் தெரிவுசெய்யக் கூடினோம். இங்கே பிறந்த பிள்ளைகள்தான் இப்போது நிர்வாகம். ஆகக்கூடிய கோல் அடித்தவன் என்று என் பெயரைச் சொன்னார்கள். நான் உன் பெயரைச் சொன்னேன். "மாமா, அவர் பாதி மட்சுக்கு வரேல்லையாமே" என்றாள் செயலாளராக இருக்கிற பெண்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஏன் வரேல்லை எண்டு கேள் பிள்ளை" என்றேன்.

பிறகு நானே சொன்னேன். நாங்கள் இருவரும் ஒரே ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினவர்கள். சனிக்கிழமைகளில் ஒருவருக்குத்தான் லீவு கிடைக்கும். உன் முறை வந்தாலும், பெரிய ஆட்டமென்றால் என்னைத்தான் அனுப்புவாய். "கோல் அடிக்கிறவன் நீ போடா. உன்ரை கோப்பையையும் நான் கழுவுறன்." நீ ஆடிய நாட்களிலோ, பின்வரிசையில் நீ தடுக்க நிற்கிறாய் என்றால் எங்கள் கோல் காக்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். என் கோல்களில் பாதி நீ குசினியில் நின்றதால் விழுந்தவை என்றேன்.

உன் பெயருக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. விழாவில் உன் மனுசி மேடையேறிக் கிண்ணத்தை வாங்கினா. நான் எழும்பி நின்று கை தட்டினேன்.

எனக்கு இரண்டாமிடம். ஆர் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிறேன், உனக்கு அடுத்தவன் நான் என்று.